பட்டையில் ஆணித் துளைகள்

பிப்ரவரி 9

இல்லை அண்ணி, வலிக்காது. விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குப்பி, அவ்வளவுதான். மாடுகள் மாத்திரை விழுங்குவது போல விழுங்கின, நீங்களே பார்த்தீர்கள். வயிற்றின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒன்று உள்ளே இருப்பதே மாட்டுக்குத் தெரியாது. நான் பேருந்து ஏறும்போது கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதனால் முதல் வரியே இது.

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அண்ணனும் எட்டு மாடுகளும் நலம்தானே?

அவசரத்தில் சொன்னதை மறுபடி எழுதுகிறேன். மாடு அசைபோடும்போது ஏப்பம் விடுகிறது. அதில் மீத்தேன் இருக்கிறது. அது காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது. எவ்வளவு என்று அளக்க வேண்டும். அறையில் பூட்டி வைத்து அல்ல, மேயும்போதே. வயிற்றிலுள்ள குப்பி வேறொரு வாயுவைச் சீராகக் கசியவிடும், அதன் அளவு எனக்குத் தெரியும். மூக்கருகே இருக்கும் மெல்லிய குழாய் இரண்டையும் சேர்த்து முதுகிலிருக்கும் கலனுக்குள் இழுக்கும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கண்டுபிடிப்பேன்.

மாதம் ஐந்து நாள். காலையில் பால் கறந்ததும் பழைய கலனைக் கழற்றிப் புதியதை மார்புப் பட்டையில் மாட்டுங்கள். ஒன்பதாவது கலன் வேலிக்கு. மாடே இல்லாவிட்டாலும் காற்றில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும். அதைக் கழிக்க வேண்டும்.

வேறு எதையும் மாற்றாதீர்கள். எப்போதும் போல அண்ணன் மேட்டுக்கு ஓட்டிப் போகட்டும். வெளித்தீவனம் மட்டும் கூடாது. போன ஆண்டு அவனும் நானும் மேட்டில் விதைத்த ஊதாப்பூக் கொடி ஏப்ரலில் பூக்கும். அதைத் தின்றால் மீத்தேன் குறையும் என்பது என் ஊகம். ஊகம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். மூன்று வருடம், அண்ணி.

கலன் பெட்டி பால் லாரியில் வரட்டும். பெட்டிக்குள் ஒரு கடிதமும் வையுங்கள். மேட்டில் மட்டும்தானே போனுக்குச் சிக்னல் எடுக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து கூப்பிட அண்ணனுக்கு நினைவூட்டுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 26

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சாப்பிடுகிறாயா? மாட்டின் வயிற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் வயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஐந்து நாளும் மாட்டினேன். நீ ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டுவிட்டுப் போனாய். எனக்கு எண்ணில் ஆளைத் தெரியாது. பட்டைகளில் பெயரையும் எழுதிவிட்டேன். ஒன்று மேஸ்திரி, எப்போதும் முன்னால் நடப்பது. இரண்டு சண்டி. முதல் நாளே மூன்றாம் எண் மூக்கியின் குழாயை மென்று பார்த்தது அதுதான். ஐந்து ஊமை, சினையாக இருக்கிறது. எட்டு மகாராணி. கதவை ஒருவர் திறந்து பிடித்தால்தான் வெளியே வருவாள்.

பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியோரம் வந்து நின்றார். "என்னங்க, மாட்டுக்கெல்லாம் ஆக்சிஜன் வெச்சிருக்கீங்க?" என்றார்.

"ஆக்சிஜன் இல்ல. ஏப்பம் புடிக்கிறோம்."

"ஏப்பமா? அப்ப எங்க வீட்டுக்கு வாங்க. எங்க மாமனார் ஒரு வேளைக்கு ரெண்டு டப்பா ரொப்புவாரு."

அவர் மனைவி பின்னாலேயே வந்தாள். "நாத்தனார்னா குத்தம் எண்ணுவாங்க. உங்க நாத்தனார் ஏப்பம் எண்ணுறா. நீங்க குடுத்து வெச்சவங்க" என்றாள்.

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "டப்பா இன்னும் திருந்தல" என்றார். சின்ன வயதில் பனியைப் பிடித்துக் கண்ணாடி ஜாடியில் மூடி வைத்தாயாமே. காலையில் திறந்து பார்த்துவிட்டு அழுதாயாமே. அதனால்தான் டப்பா என்று பெயர் வந்தது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரத்துக்குத் தூங்கு.

அண்ணி

*

மார்ச் 18

அண்ணி, எண் வந்துவிட்டது. நலம் விசாரிப்பது அடுத்த பத்தியில்.

ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கிராம். எட்டின் சராசரி. கொடி பூப்பதற்கு முந்தைய எண் இது. இனி இதிலிருந்துதான் எல்லாம்.

நலமா? நான் நலம். சாப்பிடுகிறேன்.

என் அறைக்கு ஜன்னல் இல்லை. கருவி இருபத்துநான்கு மணி நேரமும் ரீங்கரிக்கிறது. கலனைத் திருகி மாட்டினால் பத்து நிமிடத்தில் திரையில் இரண்டு கோபுரங்கள் எழும். ஒன்று நான் வைத்த வாயு. மற்றது மாட்டினுடையது. சண்டியின் கோபுரம்தான் உயரம். பெயர் சும்மா வைக்கவில்லை நீங்கள். பேராசிரியை நேற்று என் பின்னால் வந்து நின்றார். "இது யார்?" என்றார். எட்டாம் எண் என்று சொல்வதற்குப் பதில் "மகாராணி" என்றேன். இப்போது ஆய்வகம் முழுக்க அதே பெயர்.

இரண்டு ஞாயிறாக அண்ணன் கூப்பிடவில்லை. என் மேல் ஏதாவது கோபமா? ஜாடிக் கதையை அவன் உங்களிடம் சொன்னதற்கு நான்தான் கோபப்பட வேண்டும்.

அடுத்த கலன்களோடு பூ வந்த செய்தியையும் அனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கலன்கள் நாற்பத்தைந்தும் பெட்டியில் இருக்கின்றன. போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. அதனால்தான் உன் அண்ணன் கூப்பிடவில்லை, கோபமெல்லாம் இல்லை. பூ வந்திருக்கும்.

ஒரு உதவி. கலன் பெட்டியின் பூட்டை எடுத்து மாட்டு மருந்து அலமாரிக்குப் போட்டுவிட்டேன். அதனால் பெட்டியைக் கயிற்றால் கட்டி அனுப்பியிருக்கிறேன். எலித் தொல்லை. வேறு பூட்டு இருந்தால் அனுப்பு. சின்னதாக இருந்தால் போதும். இரண்டாக இருந்தாலும் சரி.

மேஸ்திரி முன்னைப் போலவே முன்னால் நடக்கிறது.

அண்ணி

*

மே 6

அண்ணி,

நூற்று எழுபத்தொன்று!

இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்று எழுபத்தொன்று. கருவி கெட்டுவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதுவே. எட்டில் எட்டும் குறைந்திருக்கிறது, சண்டி உட்பட. பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் யார் பக்கத்திலும் உட்கார மாட்டார்.

அந்தக் கொடி வேலை செய்கிறது. நானும் அண்ணனும் முழங்கால் வலிக்க விதைத்த கொடி.

நலமா? நான் நலத்துக்கும் கொஞ்சம் மேலே.

இரண்டு பூட்டு வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் எலி பெரிய ஆள் போலிருக்கிறது. தாழ்ப்பாளை எல்லாம் நீக்குமா? அதற்கும் ஒரு பட்டை கட்டி அளந்துவிடலாம்.

மார்புச் சுற்றளவு அனுப்ப மறந்துவிட்டீர்கள். நாடாவை முன்னங்காலுக்குப் பின்னால் சுற்றி, எட்டுக்கும் எழுதுங்கள். எடையைக் கணக்கிட அது வேண்டும்.

அண்ணனுக்குச் சொல்லுங்கள். இல்லை, நானே சொல்ல வேண்டும். போன் சரியானதும் மேட்டிலிருந்து ஒரு தடவை.

உங்கள் நாத்தனார்

*

மே 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம்.

சுற்றளவு பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எல்லாம் பிப்ரவரியில் இருந்தபடியே. ஊமைக்கு மட்டும் ஒரு விரல் கூட இருக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். எண் குறைந்தால் உனக்கு நல்லதுதானே? குறையக் குறைய நல்லது என்றுதானே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் சரி.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் மறுபடி படித்தேன்.

பூட்டு வந்தது. சாவிகள் என் இடுப்பில் இருக்கின்றன. நடந்தால் சத்தம் வருகிறது. மகாராணி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், தனக்குப் போட்டியாக யாரோ சலங்கை கட்டி வருவது போல.

அண்ணி

*

ஜூன் 19

அண்ணி,

நலமா? கேட்டுவிட்டேன், இனி செய்தி. நூற்று முப்பத்தெட்டு.

மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. புத்தகங்களில் பார்த்திராத எண். செப்டம்பரில் ஆண்டுக் கூட்டம் நடக்கிறது. பேராசிரியை என்னையே பேசச் சொல்லிவிட்டார். கட்டுரையும் போகப்போகிறது. அது ஏற்கப்பட்டால் திட்டம் இன்னும் இரண்டு ஆண்டு நீளும், என் வேலையும். இல்லாவிட்டால் டிசம்பரோடு அறையைக் காலி செய்ய வேண்டும். இதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. இப்போது பயமில்லாமல் சொல்கிறேன்.

உங்கள் எட்டுப் பேரும் மேடை ஏறுகிறார்கள். மகாராணிக்குக் கதவைத் திறந்து பிடிக்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்று காரியம். மார்புப் பட்டைகள் எல்லாவற்றையும் அனுப்புங்கள், கொக்கிகளைப் பழுது பார்க்க வேண்டும். கொடியின் பூ நான்கைந்து, காகிதத்தில் அழுத்தி. அண்ணன் கையால் ஒரு வரி. டப்பா என்று மட்டும் எழுதினாலும் போதும்.

உங்கள் நாத்தனார்

*

ஜூலை 24

அண்ணி,

இந்த மாதப் பெட்டி வரவில்லை. கடிதமும் இல்லை. லாரி வருகிறது, பால் வருகிறது, பெட்டி மட்டும் இல்லை.

நலம் என்று ஒரு வரி போதும்.

உங்கள் நாத்தனார்

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லாரும் சுகம். வேலை அதிகம், ஜூலையில் மாட்ட முடியவில்லை. மன்னித்துக்கொள். பட்டைகள் எட்டும் அனுப்பியிருக்கிறேன். துடைத்துத்தான் வைத்தேன்.

பூ காய்ந்துவிட்டது.

அண்ணி

*

ஆகஸ்ட் 11

அண்ணி,

நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சுகம் என்று எழுதுவீர்கள்.

எட்டுப் பட்டைகளையும் மேசையில் வரிசையாகப் போட்டேன். கொக்கியைப் பழுது பார்க்கத்தான். ஒவ்வொரு பட்டையிலும் ஆறு துளைகள். நானே அடித்தவை, ஒரே இடைவெளியில், வட்டமாக. பிப்ரவரியில் எல்லா மாட்டுக்கும் மூன்றாவது துளையில் மாட்டினேன். மேலே இரண்டு, கீழே மூன்று மிச்சம், கீழே போகப் போகப் பட்டை இறுகும். மூன்றாவது துளையைச் சுற்றித் தோல் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. அது சரி.

நான்காவதைச் சுற்றியும் தேய்ந்திருக்கிறது. ஐந்தாவதும். ஆறாவதும்.

ஆறாவதற்கு அப்பால் ஏழாவதாக ஒரு துளை. நான் அடித்தது இல்லை. கோணலாக, ஓரம் கருகி. ஆணியை நெருப்பில் காய்ச்சிக் குத்தியிருக்கிறீர்கள். மேஸ்திரிக்கு, மூக்கிக்கு, மகாராணிக்கு. ஊமையின் பட்டையில் இரண்டு. சினை மாட்டுக்கு, அண்ணி.

சுற்றளவு பிப்ரவரியில் இருந்தபடியே என்று எழுதினீர்கள்.

லாரிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். "அந்த வீட்டுப் பாலா? அது ஏப்ரல்லேருந்தே பாதிதானேம்மா. அளவு பாத்திரம் நெரம்பவே இல்ல. உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன்" என்றார். அவர் மாதாமாதம் என் கையில் பெட்டியைக் கொடுத்தவர். நான் பாலைப் பற்றி அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அப்புறம் போன். தொட்டியில் விழுந்ததாக எழுதினீர்கள், இனி அதை நம்பவில்லை. மேட்டில்தான் போன் எடுக்கும். மார்ச்சிலிருந்து ஒரு ஞாயிறுகூட இல்லை. யாரும் மேட்டுக்குப் போகவில்லை. மாடுகள் கொடியைத் தின்னவில்லை. எதையுமே சரியாகத் தின்னவில்லை. தின்னாத மாடு ஏப்பம் விடாது. இது முதலாண்டுப் பாடம். இதை நான் மற்றவர்களுக்கு நடத்தியிருக்கிறேன்.

நூற்று எழுபத்தொன்று என்று ஆச்சரியக்குறி போட்டேன். நூற்று முப்பத்தெட்டு, புத்தகங்களில் பார்த்திராத எண் என்றேன். நான் கொண்டாடியது பசியை.

குறையக் குறைய நல்லதா என்று கேட்டீர்கள். பதில்கூட எழுதவில்லை நான்.

இன்று காலை பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரல் முதலான எண்கள் செல்லாது, கட்டுரை வேண்டாம், கூட்டத்தில் பேச முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுக்குப் போய்ப் பாரு" என்றார். அவ்வளவுதான். டிசம்பரைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஒவ்வொரு எண்ணிலிருந்தும் வேலிக் காற்றைக் கழிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் கடிதங்களை எடுத்து வைத்து அப்படிக் கழித்துப் பார்த்தேன். சுகம், சுகம், சுகம் எல்லாவற்றையும் கழித்தேன். மிச்சம் ஒன்றுதான்.

அண்ணி, பூட்டு எதற்கு?

உங்கள் நாத்தனார்

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

பட்டையைத் துடைத்தால் போதும் என்று நினைத்தேன். தோலுக்கு ஞாபகம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் ஏழாம் தேதி. சாயங்காலம் மாடுகள் தாமாக இறங்கி வந்தன. மேஸ்திரி முன்னால். எட்டும் வந்துவிட்டன, ஓட்டிப் போனவர் வரவில்லை. கதவைச் சாத்தாமலே ஓடினேன். மேட்டின் கடைசியில், கல் வெட்டி எடுத்த பள்ளம் இருக்கிறதே, அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்திருந்தார்.

நான் கத்தவில்லை. எப்படிக் கத்தாமல் இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, செருப்பு கடிக்குதா?"

"இல்ல."

"அப்ப போட்டுக்கோங்க. மாடெல்லாம் வீட்டுக்குப் போயிடுச்சு."

"போயிடுச்சா?"

"ஒங்களத் தவிர எல்லாரும் போயாச்சு."

கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டார். கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அன்று படுத்தவர்தான். சுவரைப் பார்த்து. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. என்ன என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, அதான்" என்கிறார். ஒன்றும் இல்லாததற்கு எந்த மருந்தைக் கொடுப்பது?

மேட்டுக்கு ஓட்டிப் போய் மேய்த்து வர ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் அவரைத் தனியாக விட என்னால் முடியாது. கால் மணி நேரம்கூட முடியாது. பால் கறக்கும்போது பாடிக்கொண்டே கறக்கிறேன், நான் அங்கேதான் இருக்கிறேன் என்று அவருக்குக் கேட்கட்டும் என்று. என் பாட்டைப் பற்றி உனக்குத் தெரியும். மாடுகள் பொறுத்துக்கொண்டன. போன் தொட்டியில் விழவில்லை. அலமாரியில் இருக்கிறது. மருந்து, கயிறு, கத்தரி எல்லாம் அதற்குள்தான். எலி என்று எழுதினேன். நீ எலியைப் பற்றி எழுதிய வேடிக்கையை அவருக்கும் படித்துக் காட்டினேன். "நான்தான் எலியா?" என்றார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மாடுகள் வீட்டுப் பக்கத்துப் புல்லையே சுரண்டித் தின்றன. மே மாதமே தரை தெரிந்தது. வைக்கோல் போட்டேன், நீ அளக்கும் ஐந்து நாள் மட்டும் போடவில்லை. வெளித்தீவனம் கூடாது என்றாயே. அந்த ஐந்து நாளும் சண்டி கதவை முட்டிக்கொண்டே இருக்கும். கலனை மாட்டப் போனால் என் புடவையை மெல்லும். ஜூலையில் மாட்ட மனசு வரவில்லை. பெட்டி வராததற்கு அதுதான் காரணம்.

பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஓட்டிப் போகக் கேட்டிருக்கலாம். கேட்டால் உன் அண்ணனுக்கு என்ன ஆச்சு என்பார். என்ன ஆச்சு என்று நான் எதைச் சொல்ல?

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்று இரவு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "டப்பாகிட்ட சொல்லாத. அவ அளக்க ஆரம்பிச்சுடுவா."

எண் குறையக் குறைய நீ எழுதும் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. இந்த வீட்டில் ஒருவருக்காவது நல்லது நடக்கிறதே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. உன்னுடையது இல்லை. எல்லாத் தப்பையும் நாத்தனாரே எடுத்துக்கொண்டால் அண்ணிக்கு என்ன மரியாதை?

எனக்குக் களைப்பாக இருக்கிறது. இதை யாரிடமும் எழுதியதில்லை.

அண்ணி

*

ஆகஸ்ட் 20

அண்ணி,

வெள்ளிக்கிழமை லாரியில் முன்சீட்டில் இடம் கேட்டிருக்கிறேன். வைக்கோல் கட்டுகளும் அதே வண்டியில் வருகின்றன. மாடுகளுக்கு இன்றே, இப்போதே, இருப்பதைப் போடுங்கள். வெளித்தீவனம் கூடாது என்ற விதியெல்லாம் போயிற்று.

அளக்கும் கருவி எதையும் எடுத்து வரவில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

அக்டோபர் 12

அண்ணி,

இடம் மாறிவிட்டோம் பாருங்கள். நீங்கள் அண்ணனுக்குத் துணையாக நகரத்தில், ஜன்னல் இல்லாத ஓர் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாவிகள் என் இடுப்பில். நடந்தால் சத்தம் வருகிறது.

இங்கே எட்டுப் பேரும் சுகம். இதை நான் எழுதும்போது நம்பலாம், சுற்றளவைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஏழாவது துளையில் இப்போது யாரும் இல்லை. மேஸ்திரி நான்காவதில். சண்டி மூன்றாவதற்கே வந்துவிட்டது, வெட்கமே இல்லாமல். ஊமை நேற்று கன்று ஈன்றது. சிறியது. எழுந்து நிற்க ரொம்ப நேரம் எடுத்தது. நின்றுவிட்டது.

முதல் நாள் மேட்டுக்கு ஓட்டிப் போனபோது கொடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. வாடிய பூக்கள் அப்படியே, யாரும் வாய் வைக்காமல். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாடுகள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தின்றன.

பட்டைகளையும் கலன்களையும் லாரியில் வரவழைத்து மாட்டினேன், அந்தச் செப்டம்பர் கலன்களின் எண் நேற்று வந்தது. இருநூற்று ஏழு. பிப்ரவரியைவிட ஐந்து கிராம் குறைவு. ஐந்து கிராம் எதையும் நிரூபிக்காது. கொடியால் ஆவது ஒன்றுமில்லை, அல்லது இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. ஆனால் திரையில் அந்த எண் ஏறியதைப் பற்றிப் பேராசிரியை எழுதியிருந்ததைப் படித்து, சாணி மணக்கும் இந்த அடுப்படியில் நான் எழுந்து நின்று கைதட்டினேன். மூன்று வருடம் அந்த எண் இறங்க வேண்டும் என்று காத்திருந்தவள்.

ஆண்டுக் கூட்டத்தில் நான் பேச வேண்டிய நேரத்தில் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார்களாம். டிசம்பரைப் பற்றி இன்னும் எதுவும் இல்லை. தெரியும்போது தெரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேட்டிலிருந்து கூப்பிட்டபோது போனை அண்ணனிடம் கொடுத்தீர்கள். அவன் மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே, வெளியே, உள்ளே. நான் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்த பிறகு பார்த்தால் நான்கு நிமிடம் என்று காட்டியது. நான் அளக்கவில்லை அண்ணி, போனே காட்டியது. வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், "மேஸ்திரி எப்படி இருக்கு?" என்றான். "நாலாவது துளையில இருக்கு" என்றேன். "சரி" என்றான். "டப்பா" என்று சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும்.

மருத்துவர் இன்னும் சில வாரம் ஆகும் என்றதாக எழுதியிருந்தீர்கள். ஆகட்டும். எத்தனை வாரமானாலும் இங்கே நான் இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுங்கள். அவனுடைய சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், உங்களுடையதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பக்கத்துப் பண்ணைக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன், நீங்கள் சம்மதித்தபடி. "மனசு சரியில்ல, வைத்தியம் பாக்குறாங்க" என்றேன். வேலியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் ஒரு வருஷம் அப்பிடித்தாம்மா இருந்துச்சு. யாருக்கும் சொல்லல" என்றார். திங்களும் வியாழனும் மாடுகளை அவரே ஓட்டிப் போகிறார்.

லாரி வரும் நேரம். இன்றைய குறிப்பேட்டை அப்படியே பார்த்து எழுதி முடிக்கிறேன், நீங்கள் வந்து சரிபார்க்க.

காலை ஆறரை. பால் கறந்தேன், பாடவில்லை. எட்டு மாடுகள், எட்டுக் கலன்கள், வேலிக்கு ஒன்று. வைக்கோல் போட்டேன். கன்றைத் தொழுவத்தில் விட்டேன், ஊமையும் அதோடு நின்றுகொண்டது. அதன் கலனைக் கழற்றி வைத்தேன். மற்ற ஏழுக்கும் கதவைத் திறந்து பிடித்தேன். மகாராணி கடைசியாக வந்தாள். மேட்டுக்கு ஓட்டிப் போனேன்.